முழங்கால் வீக்கமும் உபதேசியாரும்

ஒன்பது வயதில் எனக்குச் சீதபேதி வந்தது. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற வெட்டுப்பழம்தான் காரணம் என்றாள் அம்மா. பத்து நாள் இரத்தமும் சளியுமாகப் போய் நின்றது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் எழுந்தால் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிக் கிடந்தது. கண்கள் இரண்டும் சிவந்து எரிந்தன.

அன்று ஞாயிறு, ஞானோபதேச வகுப்பு. அதை நடத்திய உபதேசியார், பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களில் தாம் ஒருவரே விசுவாசி என்று நம்பியவர். ஜெபப் புத்தகம் தவிர எதையும் படித்ததில்லை. அதையும் புரிந்து படித்தாரா என்பது சந்தேகம். வெள்ளைக்காரச் சாமியாரைக் கண்டால் வளையும் முதுகு, பிள்ளைகள் முன்னால் மட்டும் நிமிரும்.

"முழங்கால்ல நில்லு."

"முட்டி வீங்கியிருக்குங்க ஐயா. மடக்க முடியல."

"ஜெபம்னா மட்டும் முட்டி வீங்குமா? கண்ணையும் கசக்கிச் செவக்க வச்சுக்கிட்டு வந்திருக்கா பாரு. எல்லாம் நடிப்பு லா!"

தோளைப் பிடித்து அழுத்தினார். சிமெண்டுத் தரையில் முட்டி பட்டதும் அலறினேன். "பிசாசு கத்துது" என்றார். அவர் அறிவுக்கு அதுதான் எட்டியது.

அப்பா துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. "பெரியவங்க செஞ்சா காரணம் இருக்கும்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார். மறுநாள் அம்மா அவரைக் கேட்காமலே என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு முன்னம் வயித்தாலை போனதோ?"

"மூணு வாரம் முந்தி, டாக்டரையா. ஆனா இது முட்டியாச்சே?"

"அதாலைதான் அம்மா. வயித்திலை கிருமி வந்து போன பிறகு, சில பிள்ளையளுக்கு மூட்டு வீங்கும், கண் சிவக்கும். பயப்பிடாதேங்கோ. காலை ஆட்டாமல் வச்சிருந்தால் மெல்ல மாறும்."

நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு பெரிய மனிதர் சொன்னது அதுவே முதல்முறை. அங்கேயே அழுதுவிட்டேன்.

மாற நாலு மாதம் பிடித்தது. நொண்டாமல் நடந்து பூசைக்குப் போன ஞாயிறன்று, கோயில் வாசலில் உபதேசியார் நாலு பேரைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தார். தம்முடைய ஜெபத்தால் பிசாசு ஓடி, என் கால் குணமானதாம்.

அம்மா நின்றாள். "அற்புதம் செய்யத் தெரிஞ்சவரு அன்னிக்கே செஞ்சிருக்கலாமே ஐயா. நாலு மாசம் எதுக்குக் காத்திருந்தீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் ஜெபப் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டது அப்பா.