புது ஆயில் ஊற்றிய மறுநாள் காலை

செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா ஆரம்பித்த ஆயில் கடையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். லாரி, டிராக்டர், பைக் எல்லாவற்றுக்கும் ஆயில் இருக்கும். என் தம்பி சென்னையில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்தான். திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, யாரோ வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். இரண்டே கதவு, தரையோடு தரையாக உயரம். பஜாரில் இருக்கிற ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் கோணலாக ஏறித்தான் தாண்டும். கடையை ஒட்டிய குடோனைக் காலி பண்ணி அதில் நிறுத்திக்கொண்டான்.

வேலையை ஏன்டா விட்டே என்று கேட்டால், "பாத்துக்கலாம்க்கா" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன். சாப்பிடும்போதுகூட வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான்.

ஆயில் மாற்றுகிற பேச்சு வந்தபோதுதான் அது வெடித்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில், எந்தத் தட்பவெப்பத்துக்கு எந்த ஆயில் என்று ஒரு படம் போட்டிருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு வகை பொருந்தும். நான் மெல்லிசான ஐந்து டபிள்யூ நாற்பதைச் சொன்னேன். எஞ்சின் தேய்மானத்தில் பாதி, காலையில் ஸ்டார்ட் பண்ணுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என்று நைனா சொல்வார். மெல்லிசாக இருந்தால் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். தம்பி கெட்டியான இருபது டபிள்யூ ஐம்பதுதான் வேண்டும் என்றான்.

"பழைய எஞ்சின்க்கா. சூடு ஏறுனா உன் ஆயில் தண்ணியாப் பூடும். பிரஷர் நிக்காது."

"புக்குல ரெண்டும்தானே போட்டிருக்குது? அப்புறம் இன்னாத்துக்கு அடம் புடிக்கிறே?"

"நீ லாரிக்கு விக்கிறவ. இது வேற வண்டி."

"வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிறவன் எனக்கு வியாபாரம் சொல்லித் தராத."

சொன்ன பிறகுதான் அது ஆயிலைப் பற்றிய பேச்சில்லை என்று எனக்கே தெரிந்தது. அவன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. கெட்டி ஆயில் என் அலமாரியிலேயே இருந்தது. ஆனாலும் அவன் திண்டிவனம் போய் வேறு கடையில் வாங்கி வந்தான். பஜாரில் நாலு பேர் பார்க்க அந்த டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு என் கடை வழியாகவே நடந்தான். அன்று சாயங்காலம் குடோனில் அவனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினான்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததிலிருந்து அடைமழை. கோட்டை மலை மொத்தமும் மறைந்து கிடந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் கடையைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது குடோனில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. தினமும் அப்படித்தான். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிடுவான், நடுநடுவே ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் ஓட ஓட எஞ்சினும் ஆயிலும் தானாகச் சூடாகும், நிற்கவைத்துச் சூடு பண்ணாதே என்று முன்பே சொல்லியிருந்தேன். கேட்டதில்லை.

"டீ ஆறுது. அவனைக் கூப்டு," என்றாள் அம்மா.

"நீயே கூப்டு."

அம்மா போனில் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் சரியாக விழுந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. உறுமலே இல்லை. எவ்வளவு நேரமாக உறுமல் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

சீப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். எஞ்சின் ஓடும்போது எப்போதும் திறந்திருக்கிற குடோன் ஷட்டர் அன்று தரைவரை இறங்கியிருந்தது. இடுக்கு வழியாகச் சூடான காற்று வந்து காலில் பட்டது. "டேய்! தம்பி!" என்று ஷட்டரை அடித்தேன். பதில் இல்லை. குனிந்து தூக்கிப் பார்த்தேன். துருப்பிடித்த ஷட்டர், முழங்கால் உயரத்துக்கு வந்து சிக்கிக்கொண்டது. எதிரே டீக்கடையில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று நின்றிருந்தது. நான் கத்திய கத்தலில் அதன் டிரைவர் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாம்மா?"

"உள்ள என் தம்பி. வண்டி ஓடுது. பேச மாட்றான்."

அவர் தோளைக் கொடுத்து நெம்பினார். ஷட்டர் கிறீச்சென்று மேலே போனது. கண் எரிந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கால் வெளியே தொங்க, தலை ஸ்டியரிங்கில் சாய்ந்து, தூங்குகிறவனைப் போல இருந்தான் தம்பி. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. வேன்காரர் அவனை அக்குளில் கைகொடுத்து இழுத்து ரோட்டில் மழையிலேயே கிடத்தினார். நான் கன்னத்தில் அறைந்தேன். கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. பிறகு ஒரு முனகல், ஒரு வாந்தி.

வேனில் இருந்த கோயில் கூட்டம், யாரும் சொல்லாமலே, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி இடம் விட்டது. அந்த வேனிலேயே செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். டியூட்டியில் இருந்த லேடி டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வண்டிப் புகையில ஒரு வாயு இருக்கு. வாசனையே தெரியாது. மூடின இடத்துல தூக்கம் வர்ற மாதிரி ஆளை மயக்கிடும். நல்ல நேரத்துல வெளியே இழுத்துட்டீங்க." குரலைத் தாழ்த்தினார். "ஷட்டர் எதுக்கு மூடியிருந்துது? வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

எனக்கு முதலில் புரியவில்லை. வேண்டுமென்றே மூடிக்கொண்டானா என்று கேட்கிறார் எனப் பிறகுதான் உறைத்தது. வேலையை விட்டவன். வாயைத் திறக்காதவன். நான் அப்படிப் பேசியதிலிருந்து என் முகத்தையே பார்க்காதவன்.

"தெரியலை டாக்டர்," என்றேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் அவன் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். குடோனுக்குள் போகப் பயமாக இருந்தது. ஏதாவது எழுதி வைத்திருப்பானோ என்று டாஷ்போர்டு, சீட், தரை எல்லாம் தேடினேன். வண்டியைச் சுற்றி வந்தபோது முன்பக்கம் தரையில் வெளிச்சம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்திருந்தான். பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டே கிடந்தது. ரோட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் ஷட்டர் ஓரமாகக் கோணிப்பையைத் திணித்திருந்தான்.

புது ஃபில்டர் போட்டால், எஞ்சினை ஓடவிட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். மழைத்தண்ணி தரையில் ஓடினால் ஆயில் சொட்டுவது தெரியாது. அதற்காகத்தான் ஷட்டரை இறக்கியிருக்கிறான். படுத்துப் படுத்துப் பார்த்திருக்கிறான். தலை சுற்றியதும் சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நான் திரும்பியபோது அவன் கண் திறந்திருந்தான்.

"லீக் ஆவுதாக்கா?" என்றான் மாஸ்க்கை நகர்த்தி.

"இல்லடா. டைட்டாத்தான் போட்டிருக்கே."

அங்கிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தலைவலி பல நாள் இருந்தது. பழைய ஓனர் சத்தம் பெரிதாக வரவேண்டும் என்று சைலன்சரில் புகையைச் சுத்தம் பண்ணுகிற பாகத்தையே கழற்றிப் போட்டிருந்தார் என்று பிற்பாடு ஒரு மெக்கானிக் காட்டினார். புதிதாக மாட்டினோம். குடோனில் இனி எஞ்சின் ஓடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் தள்ளி வெளியே கொண்டுவந்துதான் ஸ்டார்ட் பண்ணுவோம்.

அப்படி ஒரு காலையில் சிங்கவரம் பக்கம் போனோம். மெதுவாகவே ஓட்டினான். டாஷ்போர்டில் தண்ணீர்ச் சூடு காட்டுகிற முள் சீக்கிரம் ஏறிவிட்டது, ஆயில் சூடு காட்டுகிற முள் இன்னும் கீழேயே இருந்தது. அது நடுவுக்கு வருகிறவரை ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது என்று அவனே சொன்னான். வேர்க்கடலைக் கொல்லை தாண்டியதும் கேட்டான்.

"டாக்டர் உன்னாண்ட ஏதோ கேட்டாங்களாமே. நர்ஸ் சொல்லுச்சு."

"ம்."

"நீயும் அப்டி நெனச்சியா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நெனச்சேன்டா," என்றேன்.

வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை நிறுத்தினான். பிறகு, சென்னையில் அந்த வேலையை ஏன் விட்டான் என்று முதல் முறையாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.