முதுகில் பதினெட்டு பொத்தான்கள்

நாலாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் தலைவர் வேடத்துக்கும் காய்கறி வேடத்துக்கும் ஆள் நிறைந்துவிட்டதால், நான் வெள்ளைக்காரத் துரைசானியாகப் போவதென்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவிலிருந்து பின்வாங்குகிற பிள்ளை இல்லை நான். மேனாம்பேட்டு பிரவுசிங் சென்டரில் அப்பா அந்தக் காலத்து உடையலங்காரப் படம் ஒன்றைக் கலர் பிரிண்ட் எடுத்து வந்தார். இறுக்கிய இடுப்பு, தரையைப் பெருக்கும் பாவாடை, திரும்பி நின்றவளின் முதுகு முழுக்கப் பொத்தான்.

தைக்க வேண்டியவர் சித்தி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டை தைப்பவர். எந்த உடையைப் பார்த்தாலும் அதைப் போடுகிற ஆளையும் சேர்த்து எடை போட்டுவிடுவார். படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்தம்மாவால கையத் தூக்கவே முடியாது. பட்டன் வேற முதுகுல கீது. போட்டு உட, கயட்டி உட ஊட்டுல ஆளு வெச்சிகினு கீறா" என்றார்.

முன்பக்கம் ஜிப் வைத்துத் தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். படத்தில் இருப்பதுபோலவேதான் வேண்டும் என்று ஒரு வேளை சாப்பிடாமல் அழுது சாதித்தேன். பதினெட்டு பொத்தான்.

போட்டியன்று காலை சித்தியே எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டார். எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்தான் பாக்கி என்கிறபோது, அதுவரை குடித்திருந்த இரண்டு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் வேலையைக் காட்டியது. கை முதுகை எட்டவில்லை. மேடையிலேயே மானம் போய்விடும் என்று கழிவறை வாசலில் நின்று நெளிந்தேன்.

அங்கே இருந்தவர் பள்ளி ஆயா. ஒரே முறைப்பில் எங்கள் எல்லாரையும் வரிசையில் நிற்கவைப்பவர். அவரிடம் பேசவே எனக்கு நடுக்கம். ஆனால் அன்று முதுகைத் திருப்பிக் காட்டி, "ம், கயட்டு. சீக்கிரம்" என்றேன். அவர் பதினெட்டையும் கழற்றினார், ஈரத் தரையில் படாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்தார், திரும்பப் பதினெட்டையும் மாட்டினார். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. காலை நீட்டினேன். குனிந்து அதையும் கட்டிவிட்டார்.

முதல் பரிசு எனக்குத்தான். நிமிர்ந்த கழுத்தும் அலட்சியப் பார்வையும் அசல் துரைசானி என்று நடுவர் அம்மா மைக்கில் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் ஏறிய பிறகுதான் நான் துரைசானி ஆனேன் என்று அன்று நம்பினேன்.