தொட்டியில் புளித்தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு சமைக்கிறேன். போர் தண்ணீரில் பருப்பு வேகாது. மாடியில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் உலை வைப்பேன்.

போன கோடையில் ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. திங்கட்கிழமை தொட்டியைத் திறந்தால் தண்ணீர் பழுப்பாகக் கிடந்தது. வாயில் வைத்தேன், புளித்தது. ஏறிப் பார்த்தால், பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரி சந்தைக்குப் போட வேண்டிய புளியைப் பள்ளி மாடியில் காயப்போட்டிருக்கிறாள். போய்க் கேட்டேன்.

“எங்க வூடு ஓட்டு வூடுங்க அக்கா, வேற எங்க காயப்போடறது? புளித்தண்ணியா, ரசம் வெச்சிருங்க,” என்று சிரித்தாள்.

“வந்து தொட்டியக் கழுவு. அப்புறம் சிரி.”

வரவில்லை. அத்தனை தண்ணீரையும் திறந்துவிட்டு நானே இறங்கிக் கழுவினேன். இடுப்பு விட்டுப்போனது.

அன்று போர் தண்ணீரில் வைத்த சாம்பாரில் பருப்பு கல்லாகவே நின்றது. பிள்ளைகள் பருப்பை ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்றார்கள். அடுத்த மழைவரை அப்படித்தான் தின்றார்கள்.