நைருதி மூலையும் சந்தனத் தலையணையும்

லாஃப்டைச் சுத்தம் செய்ய ஏறியவள், பழைய தலையணை உறைகள் இருந்த பையைப் பிரித்தபடி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தன வாசனை. உறைகளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வரும் உறவினர்கள் நம் வீட்டுத் தலையணையில்தான் தலை சாய்ப்பார்கள். நான் எத்தனை விதமான சோப்பு போட்டும் அந்த மஞ்சள் போனதில்லை.

வீடு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டு ஒரு வாரமாகிறது. பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம்தான். குழாயை எல்லாம் திறந்து பாருங்கள், போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஈரத்துணி எங்கே காயும் என்று கேளுங்கள் என்றெல்லாம் எழுதலாம். எழுதினால், இவள் மட்டும் எல்லாம் பார்த்தா வாங்கினாள் என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தத் தலையணை உறையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் சித்தூரில் நாங்கள் இருந்தது ஒரு போர்ஷனில். ஓர் அறை, ஒரு சமையலறை. மலைக்குப் போகிற சொந்தக்காரர்கள் வழியில் எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்குவார்கள். அவர்கள் வந்ததும் நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பிவிடுவார். "மேல காத்து நல்லா வருது" என்பார். இலைகூட அசையாத நாளிலும் அதையேதான் சொல்வார். எனக்கென்று ஒரு வீடு வந்தால் வருகிறவர்களுக்குத் தனி அறை வைப்பேன் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். அந்த வயதில் எடுத்த முடிவுகளை நான் சுலபமாக மாற்றுகிறவள் இல்லை. அதுவும் ஒரு குறைதான்.

திருப்பதியில் இந்த ஃபிளாட்டைப் பார்க்கப் போனபோது நல்ல நேரம் பார்த்துத்தான் போனோம். திரும்பப் போனபோதும் அப்படியே. நல்ல நேரமெல்லாம் காலையாகவே அமைந்தது, மாதமோ தை. வடக்கு அறையின் ஜன்னலைத் திறந்தால் முழு மலையும் தெரிந்தது. நான் அங்கேயே கைகூப்பிவிட்டேன். விற்றவர் தென்மேற்கு அறையைக் காட்டி, "நைருதி மூலை மேடம், வாஸ்து பர்ஃபெக்ட்" என்றார். குடும்பத் தலைவன் நைருதியில்தான் படுக்க வேண்டுமாம். மலை தெரிகிற அறை மலைக்கு வருகிறவர்களுக்கு, நைருதி எங்களுக்கு என்று அந்த நிமிடமே மனதில் பிரித்துவிட்டேன்.

அதனால் என் முதல் ஆலோசனை: வீட்டைப் பார்க்க ராகுகாலமானாலும் பரவாயில்லை, சித்திரை மாதத்து மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

மகள் பிறந்து வந்த முதல் கோடையில்தான் எங்களுக்கு அது தெரிந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மேற்குச் சுவர், இருட்டிய பிறகும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. தூங்குவாள், உடனே அலறி எழுந்துகொள்வாள். சரியாகத் தூங்காததால் பாலும் குறைவாகவே குடித்தாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலில் ஈரத்துண்டு கட்டினேன், விசிறினேன், பவுடர் போட்டேன், பவுடர் போடக்கூடாது என்று எங்கோ படித்துத் துடைத்தேன். நாலடி தள்ளி வடக்கு அறை, விரித்த படுக்கையோடு குளுகுளுவென்று சாத்திக் கிடந்தது. அங்கே படுக்க வைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. வாஸ்து மீறினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ, மாமியார் வந்து பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் புத்தூரிலிருந்து கோகிலா வந்தாள், என் கொழுந்தனாரின் மனைவி. மகனுக்கு மொட்டை போட்டுவிட்டு மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்தவள், அவனை வடக்கு அறையில் தூங்கவைத்துவிட்டு, என்னைத் தேடிக்கொண்டு எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ரூமா இட்லி குண்டானா? கொய்ந்தய வேக வச்சிக்கினு கீற!"

"நைருதி மூலைடி. வீட்டுக்காரங்க இங்கதான் படுக்கணுமாம்."

"அப்ப மாமாவப் படுக்கச் சொல்லு. பாப்பா பேர்லயா பத்திரம் கீது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வடக்கு ரூமு வர்றவங்களுக்குன்னு வச்சது. நீங்கல்லாம் எங்க படுப்பீங்க? அத்தைக்குத் தெரிஞ்சா?"

"நாங்க சாமியப் பாக்க வந்தோமா, உன் ரூமப் பாக்க வந்தோமா? மலையேறி எறங்கின காலுக்கு ஹாலு போதும். தள்ளு."

அனுமதியெல்லாம் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் வடக்கு அறையில், சந்தனத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்த தன் மகன் பக்கத்தில் போட்டாள். குழந்தை இரண்டு தரம் சிணுங்கி, அவன் தலையைத் தொட்டுப் பார்த்து, அப்படியே தூங்கிப்போனாள். நான் நிலைப்படியில் நின்று அவள் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி நேரம் தாண்டியும் அவள் எழவில்லை. கன்னத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது.

சாயங்காலம் என் கணவரும், கோகிலாவோடு வந்திருந்த அவர் தம்பியுமாக எங்கள் கட்டிலை இடம் மாற்றப் பார்த்தார்கள். அது கதவில் சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "வுடுங்க, கட்டிலு வாஸ்துப்படி அங்கியே இருக்கட்டும்" என்றாள் கோகிலா. அதனால் கட்டில்களை மாற்றவில்லை, ஆட்களை மாற்றிக்கொண்டோம்.

அடுத்த மாதம் மாமியார் வந்தார். நான் ஒரு வாரமாகத் தயாரித்து வைத்திருந்த சமாதானங்களோடு பின்னாலேயே போனேன். வடக்கு அறையில் தூங்கிய குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேன் காத்து நேரா மூஞ்சில அடிக்குது பாரு, காலுப் பக்கமா தலைய வய்யி" என்றார். அவ்வளவுதான். அவர் பையை அவரே ஹாலில் வைத்துக்கொண்டார்.

நைருதி அறையில் இப்போது துணி காய்கிறது, வடகம் காய்கிறது. அந்த வேலைக்கு அதைப்போல ஓர் அறை கிடையாது. எந்த அறை எதற்கு என்று வாங்கும்போதே முடிவு செய்யாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் குடியிருந்துவிட்டு வீட்டையே கேளுங்கள். அலமாரிகூட அதன் பிறகு அடித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் ஹாலில்தான் வரிசையாகப் படுத்தார்கள். பாத்ரூமுக்குப் போகக் கால்களைத் தாண்ட வேண்டும். யாரோ யாருடைய குறட்டையையோ கிண்டல் செய்வார்கள். வேர்க்குரு போய், எடை ஏறி, என் மகள் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப் பழகினாள். தனி அறை கொடுத்து உபசரிக்க நினைத்தவள் நான்; தரையைக் கேட்டு வாங்கிப் படுத்துக்கொண்டு என் குழந்தையைத் தூங்கவைத்தவர்கள் அவர்கள்.

இப்போது எல்லோரிடமும் கார் இருக்கிறது. போனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறார்கள். கோகிலாவே போன மாதம் கீழே காரை நிறுத்தி, "லட்டு வாங்கிக்கோக்கா, பையனுக்கு டியூசன் கீது" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பாய்களெல்லாம் லாஃப்டில். வடக்கு ஜன்னலுக்கு எதிரே புதிதாக ஒரு கட்டடம் வந்து, மலையும் ஒரு கீற்றுதான் தெரிகிறது.

நான் ஏணியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மகள் வந்தாள். உறையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது யாரோட தலகாணிம்மா?"

ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.