அக்ரமம், முப்பத்தெட்டு முறை

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை மணி பத்து இருபது. விடியற்காலையிலிருந்து விடாத மழை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வாசலில் ஒரு பெண் எஸ்.ஐ., பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"சாரே, பராதியில் எழுதியது சத்தியமா? அக்ரமம்?" பராதி என்றால் புகார்.

"சத்தியம்."

"எத்ர பிராவஸ்யம்?" எத்தனை தடவை என்று கேட்கிறார்.

"முப்பத்தெட்டு. டைரியில் தேதியும் மணியும் உண்டு."

அவர் முகம் மாறியது. "முப்பத்தெட்டா! ஈ வயசில்!" ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுபத்தாறு வயதில் முதல்முறையாக என் எண்ணிக்கையை மூன்று பேர் மரியாதையாகக் கேட்கிறார்கள்.

நடந்தது இதுதான். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் வண்டியை என் கேட்டை அடைத்து நிறுத்துவார். கேட்டால் "இப்ப எடுக்காம் சாமீ" என்பார். அந்த இப்பவுக்குச் சராசரி நாற்பது நிமிஷம். நடுவில் எனக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த வழியாக வெளியே போவது? முப்பத்தெட்டாவது தடவை ஸ்டேஷனுக்கு மனு எழுதினேன். உத்தியோகம் முழுக்க வடக்கே, ஆங்கிலத்தில் கழிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் மலையாளத்தில் எழுதியது அதுதான் முதல். எதிர்வீட்டுக்காரர் மூன்று மாதமாக என்னிடம் அக்ரமம் காட்டுகிறார் என்று எழுதினேன்.

எங்கள் வீட்டுத் தமிழில் அக்கிரமம் என்றால் அநியாயம், முறையில்லாதது. இந்த ஊர் மலையாளத்தில் அக்ரமம் என்றால் அடிதடி. பத்திரிகையில் தினமும் பார்க்கிற சொல்தான். ஆனால் கோபத்தில் பேனா வீட்டு மொழியில்தான் ஓடுகிறது.

"முறிவு எவிடே? காயம்?" என்றார் எஸ்.ஐ.

"கேட்டில்" என்று பெயிண்ட் உரசிய இடத்தைக் காட்டினேன். மூவரும் கேட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அதற்குள் ஆட்டோக்காரரின் மனைவி நனைந்துகொண்டே ஓடிவந்தார். "சாமீ, அவரைக் காலையிலே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயாச்சு. கல்ஃபில் டிரைவர் வேலை சரியாயிருக்கு. திங்களாழ்ச்சைக்கு முன்னே போலீஸ் சர்ட்டிபிகேட் கொடுக்கணும், இல்லேல் விசா போவும். அவர் சாமியை எப்போ அடிச்சார்?"

அடித்தாரா? என் மனைவிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, இவாளுக்கு அக்ரமம்னா அடிக்கறதுன்னா! என்ன காரியம் பண்ணிட்டேள்!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது விழுகிற சொல். ஆறின காபி அக்கிரமம், கத்தரிக்காய் விலை அக்கிரமம். போன வாரம்கூட வெந்தயக் குழம்பு அக்கிரமத்துக்கு நன்னா இருக்கு என்று நானே சொன்னேன். சமையலறையில் சாதுவாகக் கிடந்த அந்தச் சொல், தெருவைத் தாண்டியதும் ஒரு மனுஷனைக் கொண்டுபோய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. ஐந்தாறு எழுத்துக்குள் இத்தனை பலம் எங்கே இருந்தது?

ஸ்டேஷனில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். கிரமம் என்றால் வரிசை, ஒழுங்கு. அது கெட்டால் அக்கிரமம். ஒழுங்கு கெடும் இடத்தில் தமிழில் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்கிறோம். அது கைகலப்பில் போய் முடியும் இடத்தில் நீங்கள் சொல்கிறீர்கள். எழுத எழுத எனக்கே பிரமிப்பாக இருந்தது. ஒரே சொல் இரண்டு வீட்டில் வளர்ந்து, ஒன்றையொன்று தெரியாமல் ஒரே தெருவில் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் உள்ள ஏழு உபயோகங்களையும் உதாரணத்தோடு கொடுத்தேன்.

எஸ்.ஐ. அதை உரக்கப் படித்தார். ஸ்டேஷனே காது கொடுத்தது. முடித்துவிட்டு, "அப்போ ஆறிய காப்பியும் பிரதியா சாரே?" என்றார். பிரதி என்றால் குற்றவாளி. எல்லோரும் சிரித்தார்கள், பெஞ்சில் இருந்தவரைத் தவிர. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தா சாமீ, முப்பத்தெட்டும் எழுதி வச்சோ?"

"நீ நிறுத்தினியா இல்லியா?"

"நிறுத்தி" என்று ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். "வண்டி நிறுத்தியதுக்குத் தனியா பராதி உண்டோ? உண்டெங்கில் இந்த ஃபைல் மூடான் பற்றில்ல." மூட முடியாது என்கிறார். மூடாவிட்டால் சான்றிதழ் கிடையாது. டைரி என் மடியிலேயே இருந்தது. முப்பத்தெட்டும் நிஜம், ஒன்றுகூடக் கூட்டியதில்லை.

"ஒரு தடவைகூட நிறுத்தவில்லை" என்றேன்.

எஸ்.ஐ. டைரியை ஒரு பார்வை பார்த்தார். ஃபைலை மூடிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை சான்றிதழ் வந்தது. ஸ்டேஷனுக்குப் போன ஆட்டோ, திரும்பும்போது எதிர்வீட்டுக்காரரே மீட்டர் போட்டு என்னை வீட்டில் விட்ட ஆட்டோ, தாள், நகல், அங்கே ஒன்பது பேருக்கு நான் வாங்கிக் கொடுத்த சாயா எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது இருநூற்றுப் பதினான்கு ரூபாய்.