பங்களாவில் பொரித்த பாண் உருண்டை

பாண் உருண்டை என்றுதான் நான் சொல்வேன். துரையின் சம்சாரம், நோனா, அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். ஹாமும் சீஸும் வைத்த சான்ட்விச்சை ஒரே வாயில் போடுகிற அளவுக்குச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது, அவ்வளவுதான். பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் நான் குசினி வேலை பார்த்த காலத்தில், அது இல்லாமல் ஒரு விருந்தும் நடக்காது.

அதை அந்தக் குசினிக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி. கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் அவனுக்கு வேலை. தீபாவளிக்கு வந்தவன், சும்மா இருக்கமாட்டாமல் எனக்கு ஒத்தாசைக்கு வந்து செய்து காட்டினான்.

"முந்தின நாள் பாணா இருக்கணும்க்கா. புதுப் பாண்னா பிசுபிசுன்னு ஒட்டிக்கும்."

பாண் துண்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, போத்தலை உருட்டித் தட்டையாக்கி, கடுகு பூசி, ஹாமும் சீஸும் வைத்து இறுக்கி உருட்ட வேண்டும். பிறகு முட்டையில் தோய்த்து, வெட்டிய ஓரத்தையே காயவைத்து இடித்த தூளில் புரட்ட வேண்டும். உடனே பொரித்தால் சீஸ் வெடித்து எண்ணெய் முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரம் பிரிஜ்ஜில் வைத்து எடுக்கச் சொன்னான். நோனா தின்று பார்த்துவிட்டு, கெட்டிக்காரன் என்று சிங்களத்தில் சொன்னாள்.

அந்தக் கெட்டிக்காரனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டைக் காலம், கொழும்பில் தமிழ் ஆட்களைத் தேடிப் பொலிஸ் சுற்றிவளைப்பு. அவனிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பாதிப் பேரிடம் இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆபீஸ்காரர்கள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அகப்பட்டவன் என் தம்பி. அவனோடு வேலை செய்தவன் போன் பண்ணினான்: "எங்க வச்சிருக்காங்கன்னே தெரியலக்கா. ஒங்க துரை ஒரு வார்த்த பேசினா விட்ருவாங்க."

நானும் அம்மாவும் துரை முன்னால் போய் நின்றோம். அம்மா காலில் விழப் போனாள்.

"எந்திரி, எந்திரி. ஞாயித்துக்கெழம பகல் பார்ட்டிக்கு பெரிய பொலிஸ் மஹத்தயா வர்றாரு. நானே நேர்ல சொல்றேன்" என்றார் துரை.

ஒவ்வோர் உருண்டையையும் சாமிக்கு நேர்ந்துகொண்டுதான் உருட்டினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

பொலிஸ் பெரியவர் சாதாரண உடுப்பில், புல்தரையில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். இரண்டைச் சேர்த்து வாயில் போட்டு "ஷோக்!" என்றார். யார் செய்தது என்று கேட்டார். எல்லாம் தன் கைப்பக்குவம் என்றாள் நோனா. சொல்லிவிட்டுப் போகட்டும், தம்பி வந்தால் போதும் என்று தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் பேசினார். மழை பேசினார். குருவிட்டப் பக்கம் யாரோ மாணிக்கம் எடுக்கக் கிடங்கு வெட்டுகிற கதை பேசினார். இரண்டாம் தட்டும் காலியானது. பெரியவர் வாகனச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் பொரித்தெடுத்த உருண்டைத் தட்டோடு நானே அவர் முன்னால் போய் நின்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன். "மஹத்தயா, இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தம்பி. கொழும்பில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவன் ஒரு பாவமும் அறியாதவன்."

நோனாவின் முகம் செத்துப்போனது. துரை கிளாஸுக்குள் பார்த்தார். பெரியவர் மட்டும் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காலையில் நான் முக்கோணமாக மடித்து வைத்த கை துடைக்கும் கடதாசிகளில் ஒன்றை விரித்து, பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். "ஹரி, பலமு" என்றார். பார்ப்போம் என்று அவர் சொன்னதே எனக்குத் தம்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. தட்டை நீட்டினேன். சூடாக இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு தட்டுகளைப் பொறுக்கினேன். அவருடைய தட்டில் கசங்கிய கடதாசி ஒன்று கிடந்தது. பிரித்தால், உள்ளே பாதி கடித்த பாண் உருண்டை. அதைச் சுற்றி என் தம்பியின் பெயர். விரல் துடைத்த எண்ணெயில் மை ஊறிப்போயிருந்தது.

குசினிக்குப் பின்னால் பைப்படியில் அம்மா விடிந்ததிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். கடதாசியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனேன்.

"எழுதிக்கிட்டாராடி?"

"எழுதிக்கிட்டாரும்மா. கண்ணால பாத்தேன்."

அம்மா பங்களாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தம்பி வரவில்லை. உயிரோடிருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒருவரும் சொல்லவில்லை. துரை மாற்றலாகிப் போனார். அம்மா யாரையும் குறை சொல்லவில்லை, பெரிய மனிதர் தன் கையாலேயே எழுதினாரே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த சந்தேகமெல்லாம் என்மேல்தான்.

"அன்னிக்கு அவன் பேர சரியாத்தானேடி சொன்ன?"