மெஷினுக்கு வைத்த பொட்டு

குடவாசலில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். உருவத்தைத் தகட்டில் பதித்துப் பிளேட் எடுப்பதற்குப் பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். அதன் கண்ணாடிக்கு அடியில் பிலிமையும் பிளேட்டையும் வைத்து விளக்கைப் போட்டால், வெளிச்சம் படாத இடமெல்லாம் அச்சில் கறுப்பாக விழும். மெஷின் வந்திறங்கியதும் என் மனைவி அந்தக் கண்ணாடியிலேயே விபூதிப் பட்டை இழுத்து, பொட்டும் வைத்துவிட்டாள்.

முதல் வேலை, குத்தகை விவசாயிகள் கூட்டத்துக்குப் பேச்சாளரின் படம் போட்ட போஸ்டர். அவரை முன்பின் பார்த்ததில்லை. நெற்றியில் விழுந்த கோடுகளைச் சுருக்கம் என்றும் புள்ளியை மச்சம் என்றும் நினைத்து அடித்துத் தள்ளினேன்.

போஸ்டர் வாங்கக் கறுப்புச் சட்டையில் அவரே வந்தார்.

“ஏங்க, சாமியே இல்லைன்னு ஊர் ஊராப் பேசறேன். என்னையே பட்டையும் பொட்டுமா நிக்க வச்சுட்டீங்களே!”

கண்ணாடியைத் துடைத்து, புதுப் பிளேட் எடுத்து மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

இப்போது பூஜையெல்லாம் மெஷினின் காலுக்குத்தான். அவர் போஸ்டர் என்றால், தோள் துண்டால் கண்ணாடியை அவரே துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.